பத்திரத்தில் அவள் பெயரும்

ருவாண்டாவின் வடக்கே, முசான்சே மாவட்டத்தில் எரிமலைச் சரிவை ஒட்டி நடந்துகொண்டிருந்தோம். உருளைக்கிழங்கையும், கொம்பில் படர்ந்த பீன்ஸையும் விட்டால் வேறு பயிர் அதிகம் இல்லை. எரிமலைக் கற்களை அடுக்கித்தான் வரப்பு. ஒரு வரப்பைத் தாண்டி இருபது தப்படி வைப்பதற்குள் அடுத்தவர் நிலம் வந்துவிடுகிறது.

களை வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் பத்திரம் பற்றிக் கேட்டதும் வீட்டுக்குள் போய் பாலித்தீன் உறையோடு எடுத்து வந்தார். கணவர் பங்கு 50 விழுக்காடு, மனைவி பங்கு 50 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தது. “முன்னெல்லாம் அவர் நிலத்தை விற்றால் எனக்குக் கடைசியில்தான் தெரியும். இப்போது என் கையெழுத்து இல்லாமல் வாங்குகிறவனே வர மாட்டான்” என்றார். உடன் வந்த இளைஞர் மொழிபெயர்ப்பதற்குள்ளேயே அம்மாவின் முகத்தில் அந்த நிம்மதி தெரிந்தது.

மகன்களுக்குத்தான் நிலம் என்பது இங்கே பழைய வழக்கம். 1994 இனப்படுகொலைக்குப் பின் விதவைகளும் தகப்பனில்லாத பெண்பிள்ளைகளும் பெருகினார்கள். கணவனின் அண்ணன் தம்பிகள் வந்து நிலத்தைக் கேட்டால் காட்ட அந்தப் பெண்களிடம் ஒரு காகிதமும் இல்லை. 1999-இல் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வயலுக்கு வந்து சேரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. 2009-க்குப் பிறகு நான்கைந்து ஆண்டுகளில் நாடு முழுவதும் ஒரு கோடிக்கும் அதிகமான மனைகளையும் வயல்களையும் பதிவு செய்தார்கள். பிரிட்டன், நெதர்லாந்து, ஸ்வீடன், ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை பணம் தந்தன.

அந்தப் பணம் போன வழிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. விலையுயர்ந்த கருவியோடு வெளிநாட்டு நில அளவையாளர்களைக் கொண்டுவந்து இறக்கவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்தார்கள். வானிலிருந்து எடுத்த படத்தை அச்சிட்டுக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்து நிலத்துக்காரர்களையும் கூட்டி, வரப்போடு நடந்து பேனாவால் கோடு போட்டார்கள். தகராறு வந்தால் அங்கேயே பேசினார்கள். பத்திரத்துக்கு ஒரு நிலத்துக்கு 1,000 ருவாண்டா பிராங்க் கட்டணம். எங்கோ நகரத்தில் உட்கார்ந்து அளந்திருந்தால் அந்த அம்மாவின் பெயர் ஏறியிருக்குமா என்பது சந்தேகமே.

இரண்டு வயல் தள்ளி இன்னொரு பெண். பல வருடமாக ஒருவரோடு குடும்பம் நடத்துகிறார், பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் திருமணத்தை அரசு அலுவலகத்தில் பதியவில்லை. பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. இந்த ஓட்டை முதலிலேயே தெரிந்ததுதான். சோதனை முயற்சியாகச் சில இடங்களில் பதிந்தபோதே, பதிவுத் திருமணம் ஆன பெண்களின் உரிமை உறுதிப்பட்டது; ஆகாதவர்கள் பின்னுக்குப் போனார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதன் பிறகு அரசு படிவங்களையும் திருத்தியது. ஆனாலும் திருமணப் பதிவு இல்லாதவளுக்கும் இரண்டாம் மனைவிக்கும் சட்டம் தானாக எதையும் தருவதில்லை. இவருடைய உழைப்பும் அதே மண்ணில்தானே கிடக்கிறது! உதவி தருகிற நாடுகள் பத்திரக் கணக்கைக் காட்டிப் பெருமைப்படும்போது இவரையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மொழிபெயர்த்த இளைஞரிடம் “உன் பங்கு எங்கே?” என்று கேட்டேன். அப்பாவின் நிலம் அரை ஹெக்டேருக்கும் குறைவு, பிள்ளைகள் ஐந்து பேர். ஒரு ஹெக்டேருக்குக் கீழே போகும்படி விவசாய நிலத்தைப் பிரித்துப் பதியக் கூடாது என்று 2013 சட்டம் சொன்னது. அதனால் அப்போது வாய்வார்த்தையாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தத் துண்டு யார் பேரிலும் ஏறவில்லை. பள்ளத்தாக்கில் உள்ள சதுப்பு நிலம் அரசுடையது. கூட்டுறவுச் சங்கம் அமைத்தால் அதில் பயிரிட இடம் கிடைக்கும். இவரும் நண்பர்கள் சிலரும் அதற்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சங்கத்தில் தங்கையையும் சேர்ப்பாயா என்றேன். “அவள்தான் கணக்கு எழுதப் போகிறாள்” என்றார்.