டயருக்கும் வயது உண்டு

டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றை அடுத்த ஒரு பங்கில் 2014 முதல் 2019 வரை பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கோடையில் அந்த ஆலயம் பாதி வெறுமையாயிருக்கும். நவம்பர் பிறந்ததும் நிரம்பிவிடும். மினசோட்டா, அயோவா முதலிய வடமாநிலங்களின் பனிக்கு அஞ்சித் தெற்கே வந்து தங்கும் முதியோரே அதற்குக் காரணம். 'குளிர்கால டெக்சாஸ்காரர்கள்' என்பது அவர்களுக்கு அவ்வூரார் இட்ட பெயர். அவர்களுள் பலர் வீட்டையே ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள். மோட்டார் ஹோம் எனப்படும் அவ்வண்டி ஏறக்குறைய நம் ஊர்ப் பேருந்தின் நீளம் இருக்கும். உள்ளே சமையலறை, கட்டில், குளியலறை, குளிர்பதனப் பெட்டி எல்லாம் உண்டு. அமெரிக்காவில் வாழும் நம் பிள்ளைகளும் விடுமுறையில் இத்தகைய வண்டியை வாடகைக்கு எடுத்து, ஊரிலிருந்து வந்த தாய் தந்தையரை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் போகிறார்கள். ஆதலால் இங்கு நான் எழுதுவது நம் குடும்பங்களுக்கு முற்றிலும் அந்நியமான செய்தியன்று.

2018ஆம் ஆண்டு தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் ஒரு மூதாட்டி என்னைத் தனியே அழைத்தார். கணவருக்கு எழுபத்து நான்கு வயது. மினசோட்டாவில் விவசாயம் செய்து ஓய்வு பெற்றவர். அவர்களுடைய வண்டியின் ஆறு டயர்களையும் மாற்ற வேண்டும் என்று அம்மையாரும், மாற்றத் தேவையில்லை என்று அவரும் வாதிட்டு, இரண்டு வாரமாக வீட்டில் பேச்சு குறைந்துவிட்டதாம். ஏப்ரல் கடைசியில் பேரனுக்கு மினசோட்டாவில் புதுநன்மை. போகும் வழியில் ஒக்லஹோமாவிலிருக்கும் மகளையும் அவளுடைய இரு குழந்தைகளையும் ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. "நாங்கள் இருவர் மட்டும் என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பேன், ஃபாதர்" என்றார்.

மறுநாள் போனேன். பெரியவர் என்னை வண்டியைச் சுற்றி நடத்திக் காட்டினார். "பாருங்கள், ஃபாதர். பட்டன் அப்படியே நிற்கிறது. நல்ல பொருளை எறிவது பாவமென்று நீங்களே பிரசங்கம் செய்வீர்கள் அல்லவா?" அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆண்டுக்கு இரண்டே பயணம். போக ஒன்று, வர ஒன்று. மொத்தம் ஏறக்குறைய மூவாயிரம் மைல். லாரியில் ஒரு லட்சம் மைலுக்கு மேலும் உழைக்கக்கூடிய டயர் அது. பத்தாண்டு ஓடினாலும் மூன்றில் ஒரு பங்கு தேயாது. குருமடத்தில் எங்களுக்குத் தத்துவமும் இறையியலும் கற்பித்தார்களே அன்றி டயரைப் பற்றி ஒருவரும் கற்பிக்கவில்லை. எனவே தீர்ப்புச் சொல்ல நான் துணியவில்லை. லாரிகளுக்கு டயர் மாட்டும் கடையொன்றின் மேஸ்திரியிடம் மூவரும் போய்க் கேட்போம் என்றேன். பெரியவர் அரைமனத்தோடு இசைந்தார்.

மேஸ்திரி பட்டனைப் பார்க்கவேயில்லை. தேதியைத்தான் முதலில் தேடினார். அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு டயரின் பக்கச் சுவரிலும் 'டிஓடி' என்று தொடங்கும் ஓர் எண்வரிசை பொறித்திருக்கும். 2000ஆம் ஆண்டு முதல் செய்தவற்றில் அதன் கடைசி நான்கு இலக்கங்கள் பிறந்த நாளைச் சொல்லும்: முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. '2319' என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். இதில் ஒரு சங்கடம் உண்டு. முழு எண்ணும் ஒரு பக்கத்தில்தான் கட்டாயம். அந்தப் பக்கம் வண்டியின் உட்புறம் திரும்பியிருந்தால், கைவிளக்கோடு அடியில் நுழைந்துதான் படிக்க வேண்டும். பெரியவரே மண்ணில் படுத்து நுழைந்தார். வெளியே வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. ஆறும் 2006இல் செய்தவை. வண்டியைப் பழையதாக வாங்கி ஆறாண்டு ஆயிற்று. அதற்குமுன் ஆறாண்டு அவை யார் வாசலில் வெயில் காய்ந்தனவோ!

ஓடாத டயர் கெடாது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. காற்றிலுள்ள ஓசோனும் சூரிய ஒளியும் ரப்பரை வெடிக்கச் செய்கின்றன. அதைத் தடுக்கவே ரப்பரில் மெழுகு போன்ற பொருளைக் கலக்கிறார்கள். டயர் உருண்டு வளைந்து நெளியும்போதுதான் அது கசிந்து மேலே வந்து போர்வையாகிறது. மாதக்கணக்கில் நிற்கும் டயருக்கு அந்தப் போர்வை கிடைப்பதில்லை. (பளபளப்புக்காக எண்ணெய் பூசித் துடைப்போரும் அதைத்தான் கழுவி எடுக்கிறார்கள், சோப்புத் தண்ணீரே போதும்.) உள்ளேயோ, எஃகுக் கம்பிப் பட்டைகளுக்கு இடையிலுள்ள ரப்பர் பிராணவாயுவினாலும் வெப்பத்தினாலும் இறுகி, ஒருநாள் பட்டையிலிருந்து பிரிந்துவிடும். டயருக்கு இத்தனை ஆண்டுதான் ஆயுள் என்று அமெரிக்க மத்தியச் சட்டம் வரையறுக்கவில்லை. ஆனால் மிச்செலின் நிறுவனம், ஐந்தாண்டு பயன்படுத்தியபின் ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டும்படியும், செய்த நாளிலிருந்து பத்தாண்டு கடந்தால் பட்டன் எப்படியிருந்தாலும் மாற்றும்படியும் சொல்கிறது. கார் நிறுவனங்கள் சில, ஆறாண்டே போதும் என்கின்றன.

அம்மையாரின் அச்சத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. முந்திய ஆண்டு, 2017இல், அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கைச் செய்தித்தாளில் படித்திருக்கிறார். 2003இல் ஒரு குடும்பத்தின் மோட்டார் ஹோம் சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. அதிலிருந்தது குட்இயர் நிறுவனத்தின் ஜி-159 என்ற டயர். நகருக்குள் சரக்கு விநியோகிக்கும் லாரிகளுக்கென வடிவமைத்த அந்த டயர் நெடுஞ்சாலை வேகத்தில் அளவு மீறிச் சூடேறுகிறது என்பது வழக்குத் தொடுத்தோரின் வாதம். சோதனை முடிவுகளை நிறுவனம் வேண்டுமென்றே மறைத்தது என்று கீழ்நீதிமன்றம் கண்டது. உச்சநீதிமன்றம் அதற்காக விதித்த தொகையை மட்டும் மறுபடி கணக்கிடச் சொன்னது. பின்னர் 2022இல், நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் வற்புறுத்தலால், 1996 முதல் 2003 வரை செய்த ஏறக்குறைய 1,73,000 டயர்களைத் திரும்பப் பெற நிறுவனம் இசைந்தது. 1998 முதல் 2015 வரை எட்டுப் பேர் மாண்டார்கள், 69 பேர் காயமுற்றார்கள் என்பது துறையின் கணக்கு. டயரில் குறையில்லை, காற்றுக் குறைவாகவும் பாரம் மிகுதியாகவும் ஓட்டும்போதே ஆபத்து என்பது நிறுவனத்தின் நிலை. யார் சொல்வது சரியாயினும், டயர் வாங்குகிறவன் கேட்க வேண்டிய கேள்வி இங்கே தெளிவாகிறது: இந்த டயர் என் வண்டியின் பாரத்தையும் வேகத்தையும் நீண்ட நேரம் தாங்கச் செய்யப்பட்டதா?

அதற்கு விடை வேண்டுமானால் பாரம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமே! பெரியவர் ஒருநாளும் வண்டியை எடை போட்டதில்லை. மேஸ்திரி எங்களை எடைமேடைக்கு அனுப்பினார். அதுவும் வெறும் வண்டியாக அன்று, பயணத்துக்குப் புறப்படும் கோலத்தில். நூறு காலன் தண்ணீர் மட்டுமே 830 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 380 கிலோ. டீசல், பாத்திரம் பண்டம், பேரனுக்கு வாங்கிய மிதிவண்டி எல்லாவற்றையும் ஏற்றி, ஒவ்வொரு மூலையையும் தனித்தனியே நிறுத்தோம். சமையலறையும் ஜெனரேட்டரும் இருந்த இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட மிகவும் கனத்திருந்தது. மொத்த எடையை இரண்டால் வகுத்துக் கணக்கிடுகிறவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். கனத்த பக்கத்துக்கு வேண்டிய காற்றையே அந்த அச்சின் இரு பக்கத்துக்கும் சமமாக அடிக்க வேண்டும். நிறுவனம் வெளியிடும் பார அட்டவணையைப் பார்த்தால், பெரியவர் இத்தனை நாள் முன்சக்கரத்துக்கு அடித்துவந்த காற்று போதாது என்று தெரிந்தது.

அவ்வண்டிக்கு 275/80ஆர்22.5 அளவு டயர். 'ஜி' வகையில் அது 110 பவுண்டு காற்றில், முன்னே தனித்து நிற்கும்போது 6,175 பவுண்டு பாரம் தாங்கும். பின்னே இரட்டையாக நிற்கும்போது ஒவ்வொன்றும் 5,675 தான். இரட்டையில் ஒன்று சோர்ந்தால் மற்றதன்மேல் சுமை விழும் என்பதால் அந்தக் குறைப்பு. உட்சக்கரம் கண்ணுக்குத் தெரியாது; அதன் வால்வு கைக்கு எட்டாது; ஆகவே அதில்தான் காற்றுக் குறைகிறது. முன்பக்கத்துக்கு இன்னும் வலிய 'எச்' வகையைப் போட்டாலென்ன என்று பெரியவர் கேட்டார். போடலாம், ஆனால் ரிம் 120 பவுண்டு காற்றைத் தாங்குவதாக இருக்க வேண்டும், டயர் வலிதானதால் அச்சின் வலிமை கூடிவிடாது என்பதையும் மறக்கக்கூடாது. ரிம்மில் பொறித்திருந்ததைப் படித்துப் பார்த்தபின், 'எச்' வகையை முன்னும் 'ஜி' வகையைப் பின்னும் போடுவதென முடிவாயிற்று. வேக வரம்பு இரண்டுக்கும் மணிக்கு 75 மைல். சாலையில் அதற்குமேல் போக அனுமதியுள்ள இடங்களிலும் அந்த வரம்பு டயரைக் கட்டுப்படுத்தும்.

விலை ஆறுக்கும் சேர்த்துப் பல ஆயிரம் டாலர். பெரியவர் பெருமூச்சு விட்டார், எனினும் பேசவில்லை.

டயர்கள் வந்திறங்கியபோது அவரே முதலில் குனிந்து தேதி பார்த்தார். நான்கு புதியவை, இரண்டு மூன்றாண்டு முந்தியவை. கிடங்கில் நிழலில் இருந்தவைதாம், ஒருநாளும் உருளாதவை என்று கடைக்காரர் சொன்னது பொய்யன்று. ஆனால் புதிய டயருக்குக் கொடுக்கும் விலையில் மூன்றாண்டு ஆயுளை விட்டுக்கொடுப்பானேன்? வேண்டாமென்று விட்டார். மாற்று வர ஒன்பது நாள் ஆயிற்று. அத்தனை நாளும் அம்மையார் நாள்காட்டியைப் பார்த்தபடி இருந்தாலும், ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை. இரட்டைச் சக்கரங்களுக்கு ரப்பர் வால்வுக்குப் பதிலாக உலோக வால்வும், உட்சக்கரத்துக்கு எட்டும் நீட்டிப்புக் குழாயும் போட்டார்கள். காற்றை இரும்புக் கூண்டுக்குள் வைத்தே அடித்தார்கள். காற்றுக் குறைந்து ஓடிய கனரக டயர், மீண்டும் அடிக்கும்போது பக்கச் சுவர் கிழிந்து வெடித்து ஆளைக் கொல்லும். வேண்டிய அளவில் நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே போயிருந்தால், கழற்றி உள்ளே பார்க்காமல் காற்றடிக்கவே கூடாதாம்.

பழையவற்றுள் பின்பக்க உட்சக்கரத்து டயர் ஒன்றைக் கழற்றித் தரையில் சாய்த்தபோது, ரிம்மை ஒட்டிய இடத்தில் விரல்நகம் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு சுற்றி ஓடியிருந்தது. வெளியிலிருந்து எவர் கண்ணுக்கும் பட்டிராது. பெரியவர் அதில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். இனிமேல் புறப்படும் நாள் காலையில், வண்டி நகருமுன் டயர் குளிர்ந்திருக்கும்போதே ஆறிலும் காற்று அளப்பது தம் வேலை என்று சொன்னார். ஓடிச் சூடானபின் அழுத்தம் ஏறுவது இயல்பு; அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாதென்று மேஸ்திரி எச்சரித்தார்.

அம்மையார் கடைக்காரரிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். கழற்றிய டயர்களின் பட்டன் பார்வைக்கு அழகாயிருந்ததால், இல்லாதவர் எவரேனும் எடுத்துத் தம் வண்டியில் மாட்டிக்கொள்ளக்கூடும் அல்லவா? ஆறிலும் பக்கச் சுவரில் துளையிட்ட பிறகே அவற்றைக் கடைக்குப் பின்னால் கொண்டுபோய் அடுக்கினார்கள்.