நண்டு அமைச்சில் ஒரு பின்னேரம்

கொழும்புக்குப் போய் வந்தவர்கள் காலிமுகத்திடலைப் பற்றிச் சொல்வார்கள். மிருகக்காட்சிச்சாலையைப் பற்றிச் சொல்வார்கள். நான் சொல்லப் போவது ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றி. அங்கே நான் போனது ஒரே ஒரு தடவை, 2012ஆம் ஆண்டில். இத்தனை வருடம் கழித்தும் அதை எழுத வேண்டும் என்று தோன்றுவதற்குக் காரணம் அங்கே சாப்பிட்ட சாப்பாடு மட்டும் அல்ல.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. எனது ஊர் பூநகரிப் பக்கத்தில் ஒரு கரையோரக் கிராமம். 2008இல் வெளிக்கிட்டு, இடம் இடமாய் ஓடி, 2009இல் செட்டிகுளம் முகாமுக்கு வந்து, 2010இல் ஊர் திரும்பினோம். வெளிக்கிட்டபோது வீட்டில் ஆறு பேர். திரும்பியது நான்கு பேர். என் கணவரும் இல்லை, அக்காவும் இல்லை. என் இரண்டு பிள்ளைகள், அக்காவின் மகள், நான். தறப்பாள் கொட்டிலில் தொடங்கிய அந்த வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த வேலை நண்டு கழற்றுவது.

கரையோரச் சகோதரிகளுக்கு இந்த வேலை தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியப்புறம் வள்ளங்கள் கரைக்கு வரும். வலை முழுக்க நீலக்கால் நண்டு சிக்கியிருக்கும். கால் உடையாமல், வலை அறாமல் ஒவ்வொன்றாய்க் கழற்றிக் கொடுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கால் உடைந்ததைக் கறிக்கு என்று எங்களிடம் தருவார்கள். வெயிலேறும் மட்டும் குந்தியிருந்து கழற்றினால் விரல் எல்லாம் கீறி, உப்புத் தண்ணீர் பட்டு எரியும்.

அக்காவின் மகள் முகாமில் இருந்தபடியே உயர்தரப் பரீட்சை எழுதியவள். பிறகு கணினி படித்து, 2012இல் கொழும்பு கோட்டையில் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதற் சம்பளம் எடுத்ததும் தொலைபேசியில் சொன்னாள்:

"சித்தி, நீங்கள் ஒருக்கா கொழும்புக்கு வாங்கோ. உங்களை ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும்."

கோயிலுக்காக்கும் என்று நினைத்தேன். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு மாமியிடம் விட்டுவிட்டு வெளிக்கிட்டேன். கிளிநொச்சிக்கு அப்போது ரயில் வரவில்லை. அது 2013 செப்டெம்பரில்தான் வந்தது. வவுனியா வரை பஸ், பிறகு ரயில். கோட்டை நிலையத்தில் இறங்கியபோது என்னை அறியாமலே கை சட்டைப்பைக்குள் போய் அடையாள அட்டையைத் தேடியது. சண்டைக் காலத்தில் கொழும்புக்கு வந்த எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் இருக்கும். ஒருவரும் கேட்கவில்லை. ஆனாலும் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பின்னேரம் வேலை முடிந்து வந்தவள் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போகவில்லை. உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு எதிரே, ஓடு போட்ட ஒரு பழைய நீளக் கட்டடத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "இதுதான் சித்தி, ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி" என்றாள்.

"ஆருக்குப் பிள்ளை வருத்தம்?" என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தக் கட்டடத்தின் கதையை அவள்தான் சொன்னாள். கொழும்புக் கோட்டையில் மிஞ்சி நிற்கும் மிகப் பழைய கட்டடங்களில் அது ஒன்று. 1600களில் ஒல்லாந்தர் தங்கள் கம்பனி ஆட்களுக்கு வைத்தியம் பார்க்கக் கட்டியது. துறைமுகம் கிட்ட என்பதால் கப்பலில் வருத்தத்தோடு வந்தவர்களை இங்கே கொண்டு வருவார்கள். தடித்த சுவர், தேக்கு மர வளை, நீண்ட விறாந்தை, நடுவில் இரண்டு முற்றம். 1980களில் இருந்து பல வருடம் இது பொலிஸ் நிலையமாக இருந்தது. 1996 ஜனவரி 31இல் பக்கத்தில் மத்திய வங்கியில் குண்டு வெடித்தபோது இந்தக் கட்டடமும் சேதப்பட்டது. பிறகு திருத்தி, 2011 டிசெம்பரில் கடைகளும் உணவகங்களுமாய்த் திறந்தார்கள்.

பொலிஸ் நிலையம் என்றதும் என் கால் நின்றுவிட்டது. குண்டு என்றதும் மனம் எங்கேயோ போய்விட்டது. அந்த ஒரு நாளில் 90இற்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். வேலைக்கு என்று காலையில் வெளிக்கிட்டவர்கள். அவர்களுக்கும் வீட்டில் பெண்கள் இருந்திருப்பார்கள். பின்னேரம் படலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். அந்த நிற்பு எப்படி என்று எனக்குத் தெரியும். விறாந்தையின் தூணைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். மகளும் பேசாமல் நின்றாள்.

முற்றத்தில் கதிரை மேசை போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரர்கள், அலுவலகம் முடிந்து வந்த பெடியள், பெண்பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். சில மேசைகளில் பியர்க் கிளாஸ். குடி என்றால் எங்கள் பெண்களுக்கு ஒரு முகம்தான் தெரியும். கசிப்பு, பறிபோகும் கூலிக்காசு, இரவில் சத்தம். அங்கே ஒருவரும் சத்தம் போடவில்லை, ஒருவரை ஒருவர் இழுக்கவில்லை. குடியை நல்லது என்று சொல்ல வரவில்லை. கண்டதைச் சொல்கிறேன். நாங்கள் தேசிக்காய்த் தண்ணீர் குடித்தோம்.

அவள் என்னைக் கூட்டிப்போன உணவகத்தின் பெயர் மினிஸ்ட்ரி ஒஃப் கிறாப். தமிழில் சொன்னால் நண்டு அமைச்சு. எனக்குச் சிரிப்பு வந்தது. மீன்பிடி அமைச்சு தெரியும். மீள்குடியேற்ற அமைச்சு தெரியும். எத்தனை படிவம் நிரப்பியிருக்கிறோம்! நண்டுக்கும் ஒரு அமைச்சு இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன். தர்ஷன் முனிதாச என்ற சமையற்கலைஞரும், கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் சேர்ந்து தொடங்கிய கடை. அப்போது திறந்து சில மாதங்கள்தான். பின்னாளில் அது வெளிநாடுகளிலும் கிளை திறந்து, 2015இல் ஆசியாவின் சிறந்த 50 உணவகங்களின் பட்டியலிலும் வந்தது.

உள்ளே போனதும் என்னை வியக்க வைத்தது அலங்காரம் அல்ல. அந்த உணவுப் பட்டியல். அதில் நண்டை நிறைப்படி பிரித்திருந்தார்கள். அரைக் கிலோவில் தொடங்கி, படிப்படியாய் ஏறி, இரண்டு கிலோ வரை. ஒவ்வொரு நிறைக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விலை. இரண்டு கிலோ நண்டுக்கு ஒரு பூதத்தின் பெயர் மாதிரி கிறாப்சில்லா என்று வைத்திருந்தார்கள். விலையைப் பார்த்தேன். ஒரு நடுத்தர நண்டின் விலைக்கு நான் பல நாட்கள் கரையில் குந்தியிருக்க வேண்டும். "வா பிள்ளை, வெளியாலை போய் இரண்டு கொத்துரொட்டி சாப்பிடுவம்" என்று எழும்பினேன்.

அவள் என் கையைப் பிடித்து இருத்தினாள். "சித்தி, ரெண்டு வருசமா உடைஞ்ச நண்டை எங்களுக்குத் தந்திட்டு நீங்கள் குழம்பை மட்டும் விட்டுச் சாப்பிட்டனீங்கள். எனக்குத் தெரியாது எண்டு நினைச்சீங்களோ?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கடையில் வைப்பது நாங்கள் கழற்றும் நீலக்கால் நண்டு அல்ல. களப்பிலே, கண்டல் வேருக்குக் கீழே சேற்றில் பதுங்கும் பெரிய களிநண்டு. எங்கள் நீலக்கால் நண்டை வியாபாரிகள் எடுத்துப் போய் தொழிற்சாலைக்குக் கொடுக்க, அங்கே அவித்துச் சதையைப் பிரித்து ரின்னில் அடைத்து அமெரிக்கா போன்ற நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். களிநண்டை உயிரோடு, கொடுக்கைக் கயிற்றால் கட்டி ஏற்றுகிறார்கள். சிங்கப்பூரில் பேர்போன மிளகாய் நண்டுக்கு இலங்கைக் களிநண்டைத்தான் தேடுவார்களாம். நல்லதை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு எங்கள் நாட்டில் மிச்சத்தைச் சாப்பிடுகிறோமே என்ற எண்ணத்தில்தான் இந்தக் கடையைத் தொடங்கினார்களாம்.

மிளகு நண்டு எடுத்தோம். எழுநூறு கிராம், இரண்டு பேருக்கும் ஒன்று. பரிமாறும் தம்பி வந்து, குழந்தைக்குக் கட்டுவது போல எனக்கு ஒரு துணியைக் கழுத்தில் கட்டிவிட்டார். வெட்கமாய்ப் போய்விட்டது. முள்ளுக்கரண்டி பிடிக்கத் தெரியாதே என்று பயந்து கொண்டிருந்தேன். சுற்றிப் பார்த்தால் வெள்ளைக்காரரும் கையாலேதான் சாப்பிடுகிறார்கள். அதோடு பயம் தெளிந்தது. கொடுக்கை உடைக்க ஒரு இடுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. மூட்டிலே ஒரு திருகு, ஓட்டிலே ஒரு தட்டு. சதை முழுசாய் வந்தது. அந்தத் தம்பி நின்று பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். "எங்கை பழகினது எண்டு கேக்கிறார்" என்றாள் மகள். "எங்கடை தொழில் எண்டு சொல்லு" என்றேன். அதைச் சொல்லும்போது என் முதுகு நிமிர்ந்திருந்ததை நானே கவனித்தேன்.

மிளகை அம்மியில் கையால் உடைத்துத்தான் போடுகிறார்களாம். வாயில் வைத்ததும் தெரிந்தது. அரைபட்ட தூள் அல்ல, உடைபட்ட மிளகு. தொட்டுச் சாப்பிடப் பாண். ருசி எப்படி என்று கேட்பீர்கள். நல்ல ருசி. ஆனால் தேங்காய்ப்பால் விட்டு, இறக்கும் நேரம் ஒரு பிடி முருங்கையிலை போட்டு நாங்கள் வைக்கும் நண்டுக் குழம்பு அதற்குக் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். கடைசிக் கொடுக்கை இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் தள்ளி, முடிவில் பாதியாய் உடைத்துச் சாப்பிட்டோம். அக்கா இருந்திருந்தால் என்று நான் நினைத்தேன். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள். இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்று இரவு அவளது அறையில் படுத்திருந்தபோது எனக்கு நித்திரை வரவில்லை. அந்தப் பட்டியல்தான் கண்ணுக்குள் நின்றது. அங்கே சாப்பிட வருபவருக்குத் தான் சாப்பிடும் நண்டின் நிறை தெரியும். கழற்றிக் கொடுக்கும் எனக்கு? எங்கள் கரையில் நிறுப்பது வாங்க வரும் வியாபாரியின் ஆள். தராசும் அவருடையது. அவர் சொல்வதுதான் கணக்கு. இரண்டு வருடமாய் ஒரு நாளும் தராசின் முள்ளை எட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

ஊருக்கு வந்ததும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். நண்டு அமைச்சு என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். தராசு என்றதும் சிரிப்பு நின்றது. வாரம் வாரம் சீட்டுப் பிடித்து, 2013இல் சங்கத்துக்கு என்று ஒரு தராசு வாங்கினோம். வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசுக்கு அரசாங்க முத்திரை வேண்டும். மாவட்டச் செயலகத்தில் உள்ள அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களப் பிரிவில் விசாரித்து முத்திரை குத்திக்கொண்டோம். வருடம் வருடம் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

முதல் நாள் எங்கள் தராசில் நிறுத்துவிட்டு அவருடைய தராசில் வைத்தோம். பத்துக் கிலோவுக்கு முக்கால் கிலோ குறைந்தது. வியாபாரி கோபித்துக்கொண்டு மூன்று நாள் வரவில்லை. "பொம்பிளையள் வேலையைக் கெடுத்துப் போட்டியள்" என்று எங்கள் ஆண்களே ஏசினார்கள். அந்த மூன்று நாளும் அடுப்பு மூட்டப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். நாலாம் நாள் அவர் வந்தார். எங்கள் தராசிலேயே நிறுத்தார். வள்ளக்காரருக்கும் அதனால் லாபம் என்று தெரிந்தபின் ஏச்சு நின்றது. பிறகு நாங்களும் சிலதைப் பழகினோம். கழற்றிய நண்டை வெயிலில் விடாமல் நனைத்த சாக்கால் மூடுவது, சினை நண்டு உயிரோடு வந்தால் திரும்பக் கடலில் விடச் சொல்லி வள்ளக்காரரோடு வாதாடுவது.

இதனால் நாங்கள் பணக்காரர் ஆகிவிடவில்லை. விரல் இன்னும் கீறுகிறது. போனவர்கள் திரும்பி வரவுமில்லை. ஆனால் கழற்றிய ஒவ்வொரு கிலோவுக்கும் கூலி கைக்கு வருகிறது.

சகோதரிகளே, நீங்கள் நண்டு கழற்றாமல் இருக்கலாம். பனையோலைப் பெட்டி இழைக்கலாம், மிளகாய்த்தூள் இடிக்கலாம், நெல் அவிக்கலாம், உடுப்புத் தைக்கலாம். உங்கள் கையால் வெளியே போகும் பொருள் கடைசியில் எங்கே போகிறது, அங்கே என்ன விலைக்கு விற்கிறது என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். முடிந்தால் போய்ப் பாருங்கள். நாங்கள் போகக்கூடாத இடம் என்று ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால், உங்கள் ஊரில் தராசு யாருடைய கையில் இருக்கிறது என்று பாருங்கள்.