கமிட்டியாரே, கதவைக் கொஞ்சம் திறங்க!

மயாமி பீச்சைத் தாண்டி காலின்ஸ் அவென்யூவில் வடக்கே போனால் ஸர்ஃப்ஸைடு. ஃப்ளோரிடா மாநிலத்துக் குட்டி ஊர். ஜனத்தொகை ஆறாயிரம்கூடத் தேறாது. ஒரு பக்கம் அட்லாண்டிக் சமுத்திரம். அரை மணி நேரம் காலாற நடந்தால் ஊர் முடிந்துவிடும். நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர் ஐசக் பஷேவிஸ் ஸிங்கர் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஊர். அவர் பேரில் ஒரு தெருவே இருக்கிறது.

கடலை எட்டிப் பார்க்க விடாமல் வரிசையாக நிற்கின்றன 'காண்டோ'க்கள். அதாவது காண்டோமினியம். சுவருக்கு உள்ளே தனிக்குடித்தனம், வெளியே கூட்டுக் குடும்பம்! ஃப்ளாட் உங்களுடையது, லிஃப்ட், மொட்டை மாடி, நீச்சல் குளம் எல்லாம் பொது. பொதுவைப் பார்த்துக்கொள்ள, ஓனர்கள் ஓட்டுப் போட்டு ஒரு கமிட்டி. அதில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

அந்தக் கமிட்டி கூடும்போது சாதாரண ஓனர் உள்ளே வந்து உட்காரலாமா?

கனடாவின் ஒன்டாரியோவில் சட்டம் அந்த உரிமையைத் தரவில்லை. கமிட்டி பெரிய மனசு பண்ணிக் கூப்பிட்டால்தான் உண்டு. ஃப்ளோரிடாவில் தலைகீழ். 48 மணி நேரம் முன்னாடியே நோட்டீஸ் ஒட்டியாக வேண்டும். எந்த ஓனரும் வரலாம், அஜெண்டாவில் உள்ள விஷயம் பற்றிப் பேசலாம், வீடியோகூட எடுக்கலாம். வக்கீலோடு கேஸ் பற்றிப் பேசும்போதும், ஊழியர் விவகாரம் பேசும்போதும் மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

"இதென்ன கமிட்டியா, சந்தைக்கடையா? ஆளாளுக்கு வந்து உட்கார்ந்தால் வேலை நடக்குமா சார்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வந்தவருக்கு அங்கே ஓட்டு கிடையாது. எத்தனை நிமிஷம் பேசலாம் என்று கமிட்டி வரம்பு வைக்கலாம். அப்புறம் என்ன பயம்?

பயப்பட வேண்டிய விஷயம் வேறு. 8777 காலின்ஸ் அவென்யூ. 1981-ல் கட்டிய 12 மாடி, 136 ஃப்ளாட். பெயர் சாம்ப்ளேன் டவர்ஸ் சவுத். நீச்சல் குளத் தளத்தில் தண்ணீர் வடிய வாட்டம் விடவில்லை, கீழே கான்க்ரீட் கெட்டுப்போயிருக்கிறது என்று 2018-ல் இன்ஜினீயர் ரிப்போர்ட் கொடுத்தார். அடுத்த மாதமே நடந்த கூட்டத்தில் ஊர் நிர்வாகத்தின் கட்டட அதிகாரி, கட்டடம் நன்றாகவே இருப்பதாகச் சொன்னார் என்கிறது மினிட்ஸ் புத்தகம். அப்புறம் செலவு யார் தலையில் என்று இழுபறி. 2019-ல் கமிட்டியின் ஏழு பேரில் ஐந்து பேர் ராஜினாமா! 2021 ஏப்ரலில் பில் ஒன்றரைக் கோடி டாலருக்குப் போய்விட்டது. ஃப்ளாட்டுக்குக் குறைந்தது 80,000 டாலர்.

2021 ஜூன் 24. ராத்திரி ஒன்றரை மணிகூட ஆகவில்லை. முதலில் குளத் தளம் உள்வாங்கியது. சில நிமிஷங்களில் பாதிக் கட்டடம் சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களும் சேர்த்து 98 பேர் இறந்தார்கள்.

'கதவு திறந்துதானே இருந்தது, என்ன பிரயோஜனம்?' என்று கேட்கத் தோன்றும். திறந்த கதவு கட்டடத்தைத் தாங்காது, வாஸ்தவம். உள்ளே வருகிறவர் 'எனக்கு எவ்வளவு செலவு?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது, எப்போது வேலை ஆரம்பம்?' என்றும் கேட்க வேண்டும். ஆனால் கதவே மூடியிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லையே! 2024-ல் ஃப்ளோரிடா சட்டத்தை இன்னும் இறுக்கியது: பத்து ஃப்ளாட்டுக்கு மேல் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டமாவது நடத்த வேண்டும், வருஷத்துக்கு நாலு தடவையாவது ஓனர்கள் கேள்வி கேட்க நேரம் ஒதுக்க வேண்டும்.

ஏழு பேர் தீர்மானம் போடட்டும், தப்பில்லை. ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவர்கள் ஏழு பேர் மட்டும் இல்லை. மற்றவர்களுக்கும் அந்த அறையில் ஒரு நாற்காலி போட்டே ஆக வேண்டும். நாற்காலி போட்டால் போய் உட்காரவும் வேண்டும் சார்!