பூங்குழலி என்று ஒரு பெயர்

பூங்குழலி. பூ, குழல் என்று இரண்டு சொல் சேர்ந்த பெயர். குழல் என்றதும் புல்லாங்குழலை நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. இங்கே அது கூந்தல். பூச்சூடிய கூந்தலை உடையவள் என்பதுதான் பொருள். நம் ஊர் அம்மன்களுக்கு இந்த மாதிரிப் பெயர்கள் நிறைய. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் ஏலவார்குழலி, நம்ம திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் வண்டார்குழலி.

ஆனால் இந்தப் பெயரைக் கேட்டதும் யாருக்கும் கூந்தல் ஞாபகம் வருவதில்லை. கல்கிதான் வருகிறார். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் தொடராக வந்தது. வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த வீடுகள் எத்தனையோ! அந்தக் கதையிலிருந்துதான் குந்தவை, வானதி, நந்தினி, பூங்குழலி எல்லோரும் வீட்டுக்குள் வந்தார்கள்.

குந்தவை நிஜமான இளவரசி. அவர் கொடுத்த கொடைகள் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கின்றன. வானதிக்குப் பின்னால் ராஜேந்திரனின் தாய் வானவன் மாதேவி இருக்கிறார். பூங்குழலிக்குப் பின்னால் யாரும் இல்லை. மேலே சொன்ன அதே திருவாலங்காட்டில் 1905-ல் ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்தன, மொத்தம் 31 ஏடுகள். சோழ வம்சத்தின் கதை அதில் வருகிறது. அருண்மொழி தன் சித்தப்பா உத்தம சோழனுக்கு அரியணையை விட்டுக்கொடுத்ததும் வருகிறது. கோடிக்கரைப் படகுக்காரி ஒருத்தி அதில் வருவாளா என்ன? அவள் முழுக்க முழுக்கக் கல்கியின் கற்பனை.

கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்பவரின் மகள். சேற்றில் புதைந்த வந்தியத்தேவனை மீட்பவள் அவள்தான், இலங்கைக்கு இரவோடு இரவாகத் துடுப்பு போட்டுக் கூட்டிப் போவதும் அவள்தான். புயலில் இளவரசரையே காப்பாற்றுகிறாள். (அப்படிப்பட்டவளைக் கடைசியில் அரண்மனையில் உட்கார வைத்தது கல்கி செய்த அநியாயம். அது தனிச் சண்டை, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம் :) )

சரி, விஷயத்துக்கு வருவோம். காட்டுப்பாக்கத்தில் பி.காம். படிக்கும் பெண் ஒருத்திக்கு இந்தப் பெயர். வைத்தது அம்மா. பெயர் சூட்டிய அன்றைக்கே பாட்டி சண்டைக்கு வந்தாராம். "ராணிங்க பேரு அத்தனை இருக்க, படகு ஓட்டறவ பேருதான் கெடச்சுதா உனக்கு?" அம்மாவின் பதில் அந்த வீட்டில் இன்றைக்கும் பிரசித்தம். "அவங்கல்லாம் பல்லக்குல போனாங்க அத்தை. இவதான் தானே துடுப்பு போட்டுப் போனா."

2022-ல் மணிரத்னம் படம் வந்த பிறகு அவளைப் பார்ப்பவர்கள் எல்லாம் "படம் பார்த்து வெச்ச பேரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்போது அவள் பிளஸ் டூ. கணக்கு எப்படி இடிக்கிறது பாருங்கள்!

உண்மையான தொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான். 'பூ'வுக்கு இரண்டு 'ஓ' போடலாம், ஒரு 'யு'வும் போடலாம். நடுவில் 'கே' அல்லது 'ஜி'. 'ழ'வுக்கு 'இசட் எச்' அல்லது வெறும் 'எல்'. 2×2×2, ஆக எட்டு விதம். பக்கத்து ஊரே பூவிருந்தவல்லி, பூந்தமல்லி, பூனமல்லி என்று மூன்று விதமாக அல்லாடுகிறது. 2020 ஜூனில் அரசு 1,018 ஊர்ப் பெயர்களுக்குத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கில எழுத்துகளை மாற்றி அறிவித்துவிட்டு, சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஊருக்கே இந்தக் கதி.

அவளுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 'எல்'. ஆதாரில் 'இசட் எச்'. பெயர் ஒத்துப்போகவில்லை என்று உதவித்தொகை ஒரு வருஷம் வங்கிக் கணக்குக்கு வரவே இல்லை. ஆதாரில் 'எல்' என்று மாற்றிவிடு, வேலை சீக்கிரம் முடியும் என்றார்கள் எல்லோரும். நியாயமான யோசனைதான். ஆதாரை மாற்றுவது சுலபம், பழைய சான்றிதழைத் திருத்தப் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் நடையாய் நடக்க வேண்டும்.

அவள் கேட்கவில்லை. 'எல்' போட்டுப் படித்தால் அது பூங்குலலி. அப்படி ஒருத்தி எந்தக் கதையிலும் இல்லை, எந்தக் கோயிலிலும் இல்லை. பிறப்புச் சான்றிதழில் அம்மா பக்கத்தில் நின்று சொல்லி எழுத வைத்த 'இசட் எச்' பத்திரமாக இருந்தது. அதை நகல் எடுத்து, சான்றிதழ் திருத்தத்துக்கு விண்ணப்பம் எழுதினாள். பதினெட்டு வயது முடிந்துவிட்டதால் பெற்றோர் கையெழுத்து தேவைப்படவில்லை. கீழே அவளே தமிழில் கையெழுத்துப் போட்டாள், 'ழ'வைக் கொஞ்சம் பெரிதாக.