சன்மானம் வேண்டாம், கூலியைப் பேசுவோம்

போன வருடம் ஏப்ரல் 14-க்கு ஓர் இணையச் சிறப்பிதழ் கொண்டுவந்தோம். மொத்தம் 12 கட்டுரைகள். எழுதியவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு தங்கை, தன் ஊர்ப் பள்ளியில் மதிய உணவு வேளையில் நடப்பதைப் பற்றி எழுதுவதாகச் சொன்னார். பேசி முடித்து போனை வைக்கும் நேரத்தில் கொஞ்சம் தயங்கிக் கேட்டார்:

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. இதுக்கு எவ்ளோ குடுப்பீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "அம்பேத்கர் பிறந்தநாளுக்கு எழுதறதுக்குக் காசு கேக்கறியாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இல்லண்ணா, சும்மாதான் கேட்டேன்" என்றார். சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பே கட்டுரை வந்தது. அந்த இதழில் அதிகம் பேர் படித்ததும் அதைத்தான்.

மே மாதம் கணக்கு எழுத உட்கார்ந்தேன். நண்பர்களிடம் திரட்டியது 14,000 ரூபாய். வடிவமைத்த தம்பிக்கு 5,000. இணையதளத்துக்கு வருடக் கட்டணம் 4,200. போஸ்டருக்கும் சின்ன வீடியோவுக்கும் 3,000. அறிமுகக் கூட்டத்துக்கு ஹால் வாடகை, டீ, வடை எல்லாம் சேர்த்து 1,800. கணக்கு சரியாக முடிந்தது. எழுதியவர்கள் என்று ஒரு வரியே அதில் இல்லை.

வடிவமைத்த தம்பியிடம் "சமூகத்துக்காகச் செய்" என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. டீக்கடைக்காரரிடமும் தோன்றவில்லை. எழுத வந்த பிள்ளைகளிடம் மட்டும் தோன்றியது. அதுவும் யார் பெயரைச் சொல்லி? 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர், குறைந்தபட்சக் கூலிக்கு மசோதா கொண்டுவந்தவர் பெயரைச் சொல்லி.

இதை எழுதக் காரணம் அந்தக் கணக்குத்தான். யாரையோ குற்றம் சொல்வதற்கு முன்னால் என்னைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கே இது நடந்திருக்கிறது. 2016-இல் ஓர் இணைய இதழுக்காக, மலக்குழியில் இறங்கி இறந்துபோன ஒருவரின் குடும்பத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதினேன். அப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த அம்மா அதற்காகத் தாலுகா ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடந்துகொண்டிருந்தார். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். பஸ் கட்டணம் மட்டும் 280 ரூபாய். ஆசிரியர் படித்துவிட்டு, "உங்க எழுத்துல ஒரு வலி இருக்கு தோழர்" என்றார். பணம் பற்றிக் கேட்டேன். "பாத்துச் செய்றோம் தோழர்" என்றார். நான்கு மாதம் கழித்து, மூன்று முறை நினைவுபடுத்திய பிறகு, 500 ரூபாய் வந்தது. கூடவே ஒரு செய்தி: "தங்கள் கட்டுரைக்கான சன்மானம்."

"பாத்துச் செய்றோம்" என்ற வார்த்தை எனக்குப் புதிதில்லை. காட்டுமன்னார்கோவில் பக்கம் எங்கள் ஊர். அம்மா நடவுக்குப் போவார். காலையில் பெண்கள் கும்பலாகப் போய் வரப்பில் நிற்பார்கள். வயல்காரர் "எறங்குங்க, பாத்துக் குடுக்கறேன்" என்பார். ஒருத்தரும் இறங்கமாட்டார்கள். கும்பலுக்கு முன்னால் நிற்கும் பெரியம்மா, "அந்தப் பேச்சு வேணாம், எவ்ளோன்னு சொல்லுங்க" என்பார். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி முடித்த பிறகுதான் சேற்றில் கால். பேசாமல் இறங்கினால் சாயங்காலம் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்கள் பேசிய கூலியை, எம்.ஏ. படித்த நான் பேசவில்லை.

அந்தப் பேச்சும் சும்மா வந்ததில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். சங்கம் வைத்துக் கூலியை உயர்த்திக் கேட்டதுதான் அந்த மக்கள் செய்த குற்றம். இன்றைக்கு ஒரு கட்டுரைக்குக் காசு வராமல் போவதை அதோடு ஒப்பிட நான் கூசுகிறேன். ஆனால் கூலியைக் கூலி என்று பெயர் சொல்லிக் கேட்கும் உரிமைக்கு அவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை மறந்துவிட்டு, "காசு பத்திப் பேசறது அசிங்கம்" என்று நாமும் சேர்ந்து சொல்லக் கூடாது.

சன்மானம் என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். அரசன் புலவனுக்குக் கொடுத்தது சன்மானம். கொடுப்பவர் மனம் குளிர்ந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. எவ்வளவு என்று கேட்க முடியாது, தாமதமானால் சண்டை போட முடியாது. அது கொடுப்பவரின் பெருந்தன்மை. கூலி அப்படி இல்லை. அது செய்த வேலைக்கான கடன். பத்திரிகை உலகம் எழுத்தாளருக்கு முதல் சொல்லை ஏன் வைத்திருக்கிறது என்று யோசியுங்கள். வேறு வருமானம் உள்ளவருக்குச் சன்மானம் மரியாதை. நான்கு மாதம் அவரால் காத்திருக்க முடியும். விடுதிக் கட்டணம் பாக்கி வைத்திருக்கும் பிள்ளையால் முடியாது. அவர் இரண்டு கட்டுரை எழுதுவார், மூன்றாவதுக்கு நேரம் இருக்காது, துணிக்கடை வேலைக்குப் போய்விடுவார். "நல்லா எழுதுவாங்க, ஏனோ விட்டுட்டாங்க" என்று நாமும் பேசுவோம்.

2019-இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டன. அவர்கள் பார்த்த ஊடகங்களில் 121 தலைமைப் பொறுப்புகள். 106-இல் ஆதிக்கச் சாதியினர். தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. அதற்கு ஆயிரம் காரணம் உண்டு. வாசலிலேயே இலவசமாக உழைக்கச் சொல்வதும் அதில் ஒன்று. காசில்லாமல் இரண்டு வருடம் எழுதிப் பெயர் வாங்க யாரால் முடிகிறதோ, அவர்தான் உள்ளே போகிறார்.

சரி, எவ்வளவு கேட்பது? என்னிடம் பேசும் தம்பி தங்கைகள் எல்லோரும் தடுமாறும் இடம் இது.

முதலில், வார்த்தைக் கணக்கை நம்பாதீர்கள். வார்த்தைக்கு இத்தனை பைசா என்பது ஆங்கிலத்திலிருந்து வந்த அளவு. ஆங்கிலத்தில் ஆறேழு சொல்லில் சொல்வதைத் தமிழ் ஒரே சொல்லில் கட்டிவிடும். "போகமுடியாதவர்களுக்காகவும்" என்பது நம் கணக்கில் ஒரு வார்த்தை. அதே கட்டணம், அதே விஷயம், தமிழில் எழுதுகிறவருக்கு மட்டும் காசு குறைவு. அதோடு, ஊருக்குப் போனது, பேட்டி எடுத்தது, சொல்ல மாட்டேன் என்றவரிடம் இரண்டாம் முறை போனது எதுவும் வார்த்தைக் கணக்கில் வராது.

நான் மணிக்கணக்காகப் பார்க்கிறேன். களத்துக்குப் போய் எழுதும் ஒரு கட்டுரை என்று வையுங்கள். போய்வரப் பேச ஒரு நாள், 8 மணி நேரம். பதிவு செய்த பேச்சைக் கேட்டு எழுத 5. கட்டுரை எழுத 6. அரசாணை, தீர்ப்பு சரிபார்க்க 3. ஆசிரியர் கேட்கும் திருத்தத்துக்கு 2. ஆக 24 மணி நேரம், மூன்று முழு நாள் வேலை. எங்கள் ஊரில் கொத்தனாருக்கு நாளுக்கு 1,000 ரூபாய். கற்ற தொழில் அது, நம்முடையதும் கற்ற தொழில்தான். அப்படியானால் 3,000. நமக்குச் சம்பளத்தோடு விடுமுறை இல்லை, பி.எப். இல்லை. வேலை கேட்டு அலையும் நாட்களுக்கும் யாரும் தருவதில்லை. அதற்காகப் பாதியைச் சேர்க்கிறேன்: 4,500. பயணச் செலவு தனி. இது என் கணக்கு. உங்கள் ஊர்க் கூலியை வைத்து உங்கள் கணக்கைப் போடுங்கள். வீட்டிலிருந்தே ஒரு நாளில் எழுதும் கருத்துக் கட்டுரைக்கு இதே முறையில் 1,500 வரும்.

இதை அப்படியே கொடுக்கும் இதழ்கள் குறைவு என்று எனக்குத் தெரியும். பல நேரம் நானே இறங்கி வருகிறேன். ஆனால் 4,500 என்று தெரிந்து 2,500-க்குச் சம்மதிப்பது வேறு. ஒன்றும் தெரியாமல் 500-க்கு நன்றி சொல்வது வேறு. முதலாவதில் எவ்வளவு விட்டுக்கொடுத்தோம் என்பது இருவருக்கும் தெரியும்.

சட்டம் நம்மை முழுதாகக் கைவிட்டிருக்கிறதா? குறைந்தபட்சக் கூலி நமக்குப் பொருந்தாது, நாம் யாருடைய பணியாளரும் இல்லை என்பார்கள். ஆனால் 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படியுங்கள். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு, பசியும் வறுமையும் தரும் நெருக்கடியும் கட்டாயம்தான் என்றது. அந்தத் தீர்ப்பை வைத்து நாம் வழக்குப் போட முடியாமல் இருக்கலாம். "இஷ்டப்பட்டுத்தானே எழுதினீங்க" என்பவருக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

கைக்கு உதவும் சட்டமும் உண்டு. பதிப்புரிமைச் சட்டப்படி, பணியாளராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதுபவரின் கட்டுரை அவருக்கே சொந்தம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் உரிமை கைமாறாது. கைமாற்றினாலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். உங்கள் கட்டுரையை யூடியூபில் குரல் கொடுத்துப் போட்டால் அதற்குத் தனியாகக் கேளுங்கள். உத்யம் தளத்தில் கட்டணமில்லாமல் குறு நிறுவனமாகப் பதிவு செய்தவருக்கு, ஒப்புக்கொண்ட வேலைக்கு 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாமதித்தால் வட்டி கேட்கலாம். வேலைக்கு முன்பே பதிவு இருக்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், எழுதத் தொடங்கும் முன்பே ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பிவிடுங்கள்: எவ்வளவு, எந்தத் தேதிக்குள், பயணச் செலவு யாருடையது, வெளியிடாவிட்டால் என்ன, எத்தனை முறை திருத்தம். அவர்கள் "சரி" என்று ஒரு சொல் போட்டாலும் அது உங்கள் கையில் சாட்சி. வாயால் பேசியது காற்றோடு போகும்.

"நம்ம இதழ்கள்கிட்ட ஏது தோழர் காசு?" என்று கேட்பீர்கள். நியாயம். நானே அப்படி ஓர் இதழ் நடத்தியவன். இலவசமாக எழுதுவதை நான் தப்பென்று சொல்லவில்லை. நாளைக்கும் எழுதுவேன். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த இதழில் வேறு யாருக்குக் காசு போகிறது? ஒருவருக்கும் இல்லை, ஆசிரியருக்கும் இல்லை என்றால் அது நாம் சேர்ந்து போடும் உழைப்பு. மற்ற எல்லோருக்கும் கொடுத்துவிட்டு எழுதியவருக்கு மட்டும் "சமூகத்துக்காக" என்றால், அதற்கு நம் ஊரில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது. வெட்டி வேலை. எங்கள் தாத்தா செய்தது.

ஜூன் மாதம் அந்தத் தங்கைக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன், ஜிபே எண் கேட்டேன். 1,500 அனுப்பினேன். "பரவால்லண்ணா" என்றவர், கொஞ்சம் விட்டு, "அந்தக் கட்டுரைக்கு மூணு தடவ ஊருக்குப் போனேண்ணா" என்றார். மீதியை இரண்டு தவணையில் கொடுத்தேன். மற்ற 11 பேரில் 7 பேருக்குக் கொடுத்தாயிற்று. 4 பேருக்குப் பாக்கி இருக்கிறது. இதைப் படிக்கும் அந்த நான்கு பேரும் தயங்காமல் என்னைக் கேளுங்கள்.

அடுத்த சிறப்பிதழில் 12 கட்டுரை இருக்காது, 5 தான் இருக்கும். அறிமுகக் கூட்டம் கிடையாது. கட்டுரை கேட்கும் அறிவிப்பின் முதல் வரியிலேயே தொகை இருக்கும். நீங்கள் எழுதும் இடங்களில் எவ்வளவு கொடுக்கிறார்கள், எத்தனை நாளில் கொடுக்கிறார்கள் என்று உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள். அம்மாவின் கும்பலில் ஒருத்தர் மட்டும் குறைந்த கூலிக்கு இறங்கியதில்லை. பேசி முடியும்வரை எல்லோரும் வரப்பிலேயே நின்றார்கள்.

ஜெய் பீம்.