ஏடும் உண்மையும்

'படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்பது நம் நாட்டுப் பழமொழி. அச்சு வருமுன் நூல்கள் பட்ட பாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. கையால் எழுதுகிறவனுக்குக் கண் அயரும், கை தவறும், சில வேளைகளில் அறிவு மிகுந்து மூலத்தையே 'திருத்தி'யும் விடுவான்.

உலகில் மிகுதியாகப் படியெடுக்கப்பட்ட பழைய நூல்களுள் ஒன்று கிறிஸ்தவர்களின் புதிய ஏற்பாடு. அதற்கும் இந்தப் பழமொழி பொருந்துமா? இந்தக் கேள்வியை என்முன் வைத்தவர்கள் எங்கள் விடுதித் தோழர் இருவர். ஒருவர், "ஓர் எழுத்தும் மாறாமல் வந்த நூல்" என்று சாதித்தார். மற்றவர், "பிரதிக்குப் பிரதி, அதற்கும் ஒரு பிரதி, இன்று மிஞ்சியிருப்பது வெறும் வதந்தி" என்று நகைத்தார். நான் பாளையங்கோட்டையில் நாள்தோறும் வேதாகமம் வாசிக்கும் வீட்டில் வளர்ந்தவன், படிப்பதோ சரித்திரம். ஆகவே இருவரும் என்னையே நடுவராக்கினர். சில வாரம் நூலகத்தில் அமர்ந்து படித்தேன். அறிந்ததை நண்பர்கள்முன் வைக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பவுல் அனுப்பிய கடிதமோ, மாற்கு எழுதிய முதல் ஏடோ இன்று இல்லை. இருப்பவை யாவும் படிகளே. அவற்றுள் மிகப் பழையவற்றை எகிப்தின் வறண்ட மணல் காத்துக் கொடுத்தது. 1920-இல் கிரென்பெல் என்ற அறிஞர் எகிப்தில் வாங்கிய பாப்பிரஸ் துண்டுகளுள் ஒன்றை, 1934-இல் ராபர்ட்ஸ் என்பவர் யோவான் நற்செய்தியின் பகுதி எனக் கண்டறிந்தார். மான்செஸ்டர் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ள அத்துண்டு உயரத்தில் 9 சென்டிமீட்டர், அகலத்தில் 6 சென்டிமீட்டர் அளவே, உள்ளங்கையில் அடங்கிவிடும். இயேசுவைப் பிலாத்து விசாரிக்கும் பகுதி அதில் சிதைந்த வரிகளாக இருக்கிறது. எழுத்தின் அமைப்பைக் கொண்டு அதை 2-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்றனர். எழுத்தமைதி ஒன்றை மட்டும் வைத்து அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது, 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலும்கூட வரலாம் என்று இக்கால அறிஞர் சிலர் எச்சரிக்கின்றனர்.

துண்டுகள் போக, பெரும் ஏடுகளும் உண்டு. டப்ளின் நகரத்துச் செஸ்டர் பீட்டி நூலகத்துப் பாப்பிரஸ் ஒன்றில் பவுலின் கடிதங்கள் பலவும் உள்ளன. அதன் காலம் ஏறத்தாழ கி.பி. 200. 4-ஆம் நூற்றாண்டில் தோலில் எழுதப்பட்டவை வத்திக்கான் ஏடும் சீனாய் ஏடும். சீனாய் மலை மடத்தில் இருந்த ஏட்டின் பெரும்பகுதி ருஷ்யாவுக்குப் போய், 1933-இல் சோவியத் அரசால் ஒரு லட்சம் பவுனுக்குப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்கப்பட்டது.

கிரேக்க மொழியில் மட்டும் பட்டியலிடப்பட்ட கையெழுத்துப் பிரதிகள் 5,000-க்கு மேல். இந்த எண்ணைக் கேட்டதும் என் முதல் தோழர் மேசையைத் தட்டினார். ஆனால் எண்ணிக்கையைக் கண்டு மயங்கலாகாது. அவற்றுள் பெரும்பாலானவை 9-ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவை. பிழையுள்ள ஓர் ஏட்டைப் பார்த்து நூறு பேர் எழுதினால் சாட்சி நூறாகிவிடாது, ஒன்றாகவே நிற்கும்.

இனி மற்றத் தோழரின் முறை. 1707-இல் ஜான் மில் என்ற ஆங்கிலேயர் தம் பதிப்பில் ஏறத்தாழ 30,000 பாட வேறுபாடுகளைக் காட்டினார். பக்தர்கள் பதைத்தனர். இன்றைய மதிப்பீடு பல லட்சம். அப்படியானால் நூலே பாழா? பிரதிகள் பெருகினால் வேறுபாடுகள் பெருகத்தான் செய்யும். அவற்றை ஒப்பிட்டுப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழியும் அதோடு பெருகும். ஒரே பிரதி இருந்தால் வேறுபாடே இராது; பிழையை அறியும் வழியும் இராது. அன்றியும் இந்த லட்சங்களுள் மிகப் பல எழுத்துப் பிழை, சொல் முன்பின் மாறியமை போன்றவை, மொழிபெயர்ப்பில் தலைகாட்டாதவை.

ஆயினும் பொருளைத் தொடும் வேறுபாடுகளும் உள்ளன. குஷ்டரோகி ஒருவன் வந்து வேண்டியபோது இயேசு 'மனதுருகி'னார் என்பது மாற்கு முதல் அதிகாரத்தில் நாம் வாசிப்பது. 'கோபங்கொண்டு' என்று சொல்கிறது பேசா ஏடு. படியெடுப்பவன் கோபத்தை இரக்கமாக்கியிருக்கலாம். இரக்கத்தைக் கோபமாக்க அவனுக்கு என்ன காரணம்? 'உறுத்துகிற பாடமே பெரும்பாலும் பழைய பாடம்' என்பது பதிப்பாளர் கைக்கொள்ளும் விதிகளுள் ஒன்று. எனினும் மற்ற ஏடுகளின் சாட்சி வலுத்திருப்பதால் பெரும்பாலோர் இரக்கத்தையே அச்சிடுகின்றனர்.

1516-இல் எராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அவர் கையிலிருந்த ஏட்டில் கடைசித் தாள் இல்லை. குறைந்த வசனங்களை லத்தீனிலிருந்து தாமே கிரேக்கமாக்கிச் சேர்த்தார்! புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுகள் கிடைக்காதபோது சாமிநாதையர் அவ்விடத்தை வெற்றிடமாகவே விட்டார். இவ்விரண்டு பெரியோருள் பதிப்பு நெறியில் நான் யாரை வணங்குவேன் என்று சொல்லவும் வேண்டுமா? யோவானின் முதல் நிருபம் 5-ஆம் அதிகாரத்தில், பரலோகத்தில் சாட்சியிடுவோர் மூவர் என்ற வாக்கியம் பழைய கிரேக்க ஏடு எதிலும் இல்லை. முதலிரு பதிப்புகளில் அதை விட்டிருந்த எராஸ்மஸ், 1522-இல் எதிர்ப்புக்கிடையே சேர்த்துக்கொண்டார். நம் வீடுகளில் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் அது இடம் பெற்றுவிட்டது.

இதுவரை படித்ததெல்லாம் எனக்கு அறிவுக்கு விருந்து. அடுத்ததுதான் நெஞ்சைத் தொட்டது. யோவான் 8-ஆம் அதிகாரத்தில், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறியக் கொண்டுவந்த கதை இருக்கிறது. எங்கள் தெருவில் எல்லாரும் ஒதுக்கிய ஒருத்தி இருந்தாள். அவளைத் திண்ணையில் உட்காரவைத்துச் சோறிட்டவர்கள் என் ஆச்சி ஒருவரே. யாரும் கேட்டால் இந்தக் கதையைத்தான் பதிலாகச் சொல்வார்கள். அக்கதை பழைய பாப்பிரஸ்களில் இல்லை. சீனாய் ஏட்டிலும் இல்லை, வத்திக்கான் ஏட்டிலும் இல்லை. சில பிரதிகளில் அது இடம் மாறி லூக்காவில் நிற்கிறது. மனைவியர் துணிவு கொள்வார்கள் என்று அஞ்சிச் சிலர் நீக்கிவிட்டனர் என்றார் அகஸ்தீன். ஏடுகளின் சாட்சி அவர் பக்கம் இல்லை. யோவான் எழுதியதன்று என்பதே அறிஞர் பெரும்பாலோர் முடிவு. ஆயினும் இத்தகைய ஒரு கதை 3-ஆம் நூற்றாண்டிலேயே சிரியா நாட்டுச் சபைகளில் வழங்கியது. ஆகவே கதை பழையது, இடந்தான் பிந்தியது.

விடுமுறையில் இதை ஆச்சியிடம் சொல்வதா, விடுவதா என்று தயங்கினேன். பிறகு சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்போ அந்தத் தாளைக் கிழிச்சுட்டாங்களா?" என்று கேட்டார்கள். "இல்லை ஆச்சி. அடைப்புக்குறி போட்டு, பழைய ஏடுகளில் இல்லைன்னு அடியிலே எழுதியிருக்காங்க" என்றேன். "உள்ளதைச் சொல்லியிருக்காங்க. நீ வாசி" என்றார்கள். வாசித்தேன்.

தோழர் இருவருக்கும் என் தீர்ப்பு இது: ஓர் எழுத்தும் மாறவில்லை என்பது பொய். வதந்தியே மிஞ்சியது என்பதும் பொய். மாறிய இடங்களுள் மிகப் பலவற்றை நாம் அறிவோம். பெரும்பகுதி நூல் 2, 3-ஆம் நூற்றாண்டுகளில் படிக்கப்பட்டவாறே நம்மிடம் இருக்கிறது. அதற்கு முந்திய சில பத்தாண்டுகளைப்பற்றி ஏடுகள் பேசா. எழுதியது ஒழுங்காக வந்து சேர்ந்தது என்பதால் எழுதியவை யாவும் நடந்தவை என்றும் ஆகிவிடாது. அது வேறு வழக்கு, அதற்குச் சாட்சிகளும் வேறு.

நண்பர்களே, வேதமாயினும் காவியமாயினும் சரி, ஒரு பழைய நூலைப்பற்றி உயர்த்தியோ தாழ்த்தியோ யாரேனும் முழங்கினால், "எத்தனை ஏடு, எந்தக் காலத்து ஏடு, எங்கே கிடைத்த ஏடு?" என்று பணிவாகக் கேளுங்கள். அதனால் பக்தி குறையாது. பகுத்தறிவுக்கும் பங்கம் வராது.