ஓர் இரவு தங்கினாலும் ஊர்தான்!

“அடுத்த வாரத்துக்குள்ள சொல்லிடுங்க சார். பாப்பாவைப் போட்டிக் குழுவுக்கு ஏத்திடலாமா, இல்ல இன்னும் ஒரு வருஷம் இதே குழுவுல இருக்கட்டுமா?”

ஜிம்னாஸ்டிக் மாஸ்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். ‘ஏத்திடுங்க மாஸ்டர்’ என்ற பதில் எனக்கு வாய்வரை வந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதோ இருந்தது. “வீட்டுல பேசிட்டு சொல்றேன்” என்று கிளம்பிவிட்டேன்.

நான் ஓரிக்கை பணிமனையில் பஸ் கண்டக்டர். மகளுக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. கட்டில் மேல் குட்டிக்கரணம் போட்டுப் போட்டு மெத்தையைக் கிழித்த பிள்ளையை, அவள் அம்மாவின் திட்டு தாங்காமல்தான் நான்கு வருடத்துக்கு முன் காஞ்சிபுரத்தில் பயிற்சிக்குச் சேர்த்தேன். இப்போது வாரம் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம். போட்டிக் குழு என்றால் வாரம் ஆறு நாள், தினமும் மூன்று மணி நேரம். பெரிய கருவிகளில் பழக மாதம் இரண்டு ஞாயிறு சென்னைக்குப் போக வேண்டும். செலவும் இரண்டு மடங்கு. ஆனால், மாநிலப் போட்டிக்கு அதுதான் வழி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் கேட்ட மறுநாளே பணிமனையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டேன். “பொண்ணு ஸ்டேட் லெவலுக்குப் போறா!”

அன்று இரவு சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே மனைவி சொன்னாள். “என்னங்க, அவ தொடையப் பார்த்தீங்களா? தலைக்கு எண்ணெய் வைக்கும்போதுதான் கவனிச்சேன். உள்பக்கம் பூரா கன்னிப்போயிருக்கு. பீம்ல இருந்து சறுக்கிட்டாளாம். மூணு வாரம் ஆச்சாம்.”

“மூணு வாரமா? ஏன் சொல்லல?”

“கேட்டேன். ‘சொன்னா அப்பா வருத்தப்படுவாரும்மா’ங்கறா.”

சோறு இறங்கவில்லை.

பேலன்ஸ் பீம் என்பது பெண்களுக்கான நான்கு கருவிகளில் ஒன்று. ஐந்து மீட்டர் நீளம், 1.25 மீட்டர் உயரம். அகலம் வெறும் 10 சென்டிமீட்டர், நம் உள்ளங்கையைவிடச் சற்று கூடுதல். அதன்மேல் பின்பக்கமாகத் தாவி, கையூன்றி, மறுபடி காலில் வந்து நிற்க வேண்டும். போட்டிக் குழுவில் அதைச் செய்தாக வேண்டும் என்பது மாஸ்டரின் விதி. தரையில் போட்ட கோட்டின்மேல் மகள் அதைச் சுலபமாகச் செய்வாள். தரையோடு ஒட்டிய குட்டி பீமிலும் செய்வாள். பெரிய பீமில் ஏறினால் கையைத் தூக்குவாள், நிற்பாள், இறக்கிவிடுவாள். சறுக்கியதிலிருந்துதான் அப்படி. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அந்த வாரம் முழுக்க டியூட்டி முடிந்ததும் செல்போனில் ஜிம்னாஸ்டிக்தான் பார்த்தேன். தீபா கர்மாக்கரைத் தேடினேன். அகர்தலாவில் தட்டைப் பாதத்தோடு பயிற்சியைத் தொடங்கியவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ‘ப்ரோடுனோவா’ என்ற ஆபத்தான வால்ட்டைத் தாண்டி நான்காம் இடம் பிடித்தார். அவருக்கு 15.066, வெண்கலம் வென்றவருக்கு 15.216. வெறும் 0.15 வித்தியாசம்! அந்தத் தாவலைப் பார்த்தபோது என் மனசு, ‘பயந்தா ஆகுமா, ஏத்திவிடு’ என்றது.

அப்புறம் மதிப்பெண் கணக்கைப் படித்தேன். கடினத்துக்குத் தனி மதிப்பெண், சுத்தமாகச் செய்வதற்குத் தனி மதிப்பெண். கீழே விழுந்தால் ஒரு முழு மதிப்பெண் போய்விடும். தயாராகாமல் பெரியதைச் செய்து விழுவதைவிட, சின்னதைத் தப்பில்லாமல் செய்கிற பிள்ளை சில நேரம் முன்னால் போய்விடுமாம். தீபாவின் அந்த ஒரு தாவலுக்குப் பின்னால் எத்தனை வருடப் பயிற்சி இருந்தது என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

சிமோன் பைல்ஸ் கதையும் கண்ணில் பட்டது. 2021 டோக்கியோவில் அணிப் போட்டியின் நடுவிலேயே விலகிக்கொண்டார். காற்றில் சுழலும்போது தன் உடம்பு எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை என்றார். ஒரு வாரம் கழித்து பீமில் மட்டும் இறங்கி, உடலைத் திருகாத ஒரு முடிப்போடு வெண்கலம் வாங்கினார். 2024 பாரீஸில் மூன்று தங்கம். உலகத்தின் பெரிய வீராங்கனையே ‘இப்போ முடியாது’ என்று சொல்லலாம் என்றால், ஓரிக்கைப் பிள்ளை சொல்லக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளை வண்டியில் உட்காரவைத்து, உத்திரமேரூர் சாலையில் பாலாற்றுப் பாலம் வரை போனேன். ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டேன். “நீ என்ன நினைக்கிற கண்ணு?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் மேல போயிடுவாங்கப்பா. நான் மட்டும் சின்னப் பசங்களோட இருக்கணும்.”

“சரி, அப்போ போயிடலாமா?”

“பயமா இருக்கு.” கண் கலங்கிவிட்டது. “இங்கேயே இருந்தா தோத்துட்டேன்னு அர்த்தமாப்பா?”

அப்போதுதான் எங்கள் ஊர்ப் பெயர் ஞாபகம் வந்தது. திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ ராஜா காஞ்சியைவிட்டுப் போகச் சொல்கிறான். சீடனோடு ஆழ்வாரும் கிளம்புகிறார். ‘நீயும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வா’ என்று திருவெஃகா பெருமாளையும் கூப்பிட, அவரும் பின்னாலேயே வந்துவிடுகிறார். எல்லோரும் ஓர் இரவு தங்கிய இடம்தான் ‘ஓரிரவு இருக்கை’, அதுவே ஓரிக்கை ஆனது என்பார்கள். ராஜா வந்து மன்னிப்புக் கேட்க, மறுபடி எல்லோரும் காஞ்சிக்கே திரும்பினார்கள்.

பாட்டி சொன்ன அந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன்.

“பெருமாளே திரும்பிப் போனாரா?”

“போனார். யாரும் அவரைத் தோத்தவர்னு சொல்லல. சொன்னவண்ணம் செய்த பெருமாள்னுதான் பேர் வெச்சாங்க. நடுவுல தங்கின இடத்துக்கும் ஒரு பேர் கிடைச்சுது. அதுலதான் நாம குடியிருக்கோம்.”

சிரித்துவிட்டாள். வண்டியில் ஏறும்போது அவளே சொன்னாள். “பெரிய பீம்ல, மாஸ்டர் கை புடிக்காம, பத்து தடவை செய்யணும். அப்புறம் நானே போறேன்னு சொல்றேன்.”

நானும் மாஸ்டரும் பெற்றோர்களும் சேர்ந்து யோசித்தாலும் இதைவிட நல்ல அளவுகோல் கிடைத்திருக்காது. மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். “ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம் சார்” என்றார்.

பணிமனையில்தான் சிரமமாக இருந்தது. “என்னப்பா, ஸ்டேட் இல்லையா?” என்றார் டிரைவர் அண்ணன். “இப்போ இல்லண்ணே” என்றேன். “அப்போ டீ காசைத் திருப்பித் தரணுமா?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். நான் பயந்த அவமானம் ஒரு டீயோடு முடிந்துபோனது.

மகள் கேட்டாளே, ‘தோத்துட்டேன்னு அர்த்தமா’ என்று. அந்தக் கேள்வியை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று யோசித்தால் என் டீ கிளாஸில்தான் போய் நிற்கிறது. பிள்ளை மேலே ஏறுவதைப் பார்க்க எல்லோருக்கும் ஆசைதான். அடிபட்டதை மறைக்கிற அளவுக்கு அந்த ஆசை வளர்ந்துவிட்டதா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு தினசரி காலண்டர் அட்டையில் பென்சிலால் கோடு போட்டுவருகிறாள். இதுவரை நான்கு கோடு. நேற்று முழங்காலில் சிராய்ப்போடு வந்தாள். இந்த முறை நேராக என்னிடம்தான் வந்து காட்டினாள்.